கேப்டனின் இடது காது

கேப்டன் தியமந்தியின் வீட்டுக்குத் துறைமுகத்திலிருந்து நூற்றுப் பதினேழு படிகள். காலைப் பூசை மணி ஓய்ந்த பிறகு பந்தேலி அந்தப் படிகளில் ஏறினான். தோளில் மண்வெட்டி. இடுப்பில், சட்டைக்கு உள்ளே, ஒரு கைக்கோடாரி.

கதவு திறந்தே கிடந்தது. இருந்தாலும் இரண்டு தரம் தட்டினான்.

இத்ரா தீவில் யாரும் ஒரு தரம் தட்டிவிட்டு நிற்பதில்லை. ஒரு தரம் தட்டினால் எந்தக் கதவும் திறக்காது. ஒரு தரம் கூப்பிட்டால் எந்த வாயும் பதில் சொல்லாது. செத்தவர்களுக்கு ஒரு தரம் கூப்பிட மட்டும்தான் பலம் இருக்கும். பதில் சொல்லிவிட்டால் போயிற்று. உயிருள்ள மனிதன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான். பால் மறக்கும் முன்பே பிள்ளைகளுக்கு இது தெரியும்.

"யாரது?"

"பந்தேலி, அம்மா. பந்தேலி."

"வா. ரெண்டு தரம் சொல்லாட்டியும் தெரியும். உன் இருமல் நாலாவது படியிலேயே கேட்டுச்சு."

கேப்டனின் மனைவி மரூசோ கூடத்தில் நின்றாள். கறுப்புத் துணி தலையிலிருந்து பாதம் வரை. மேசையில் ஒரு மரப்பெட்டி, ஒரு குடம் சிவப்புத் திராட்சை மது, வெள்ளைத் துணி. எலும்பைக் கழுவி வைப்பதற்கு.

கேப்டன் இறந்து அன்றோடு மூன்று வருடம். மூன்றாம் வருடம் குழியைத் திறக்க வேண்டும். சதை கரைந்து எலும்பு சுத்தமாக இருந்தால் கடவுள் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். உடம்பு அப்படியே இருந்தால் அது அழியாத பிணம். நடமாடும். வெட்டி எரித்தால்தான் ஊருக்கு விடிவு.

"முப்பது வருஷம் கடல்ல இருந்த மனுஷன்" என்றாள் மரூசோ. "வீட்ல இருந்த நாளெல்லாம் கூட்டினா மூணு வருஷம் தேறாது. இப்ப மண்ணுக்குள்ள மூணு வருஷம். எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியல." பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கண் அவன் சட்டையின் புடைப்பில் நின்றது. "கோடாரியைப் பதுக்காதடா. கையில எடுத்துக்கோ. அது அவரோடதுதான?"

அது கேப்டனுடையதுதான். பந்தேலி எடுத்துக் கையில் பிடித்தான்.

ஒன்பது வயதில் கப்பலேறியவர் தியமந்தி. ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் காவலைத் தாண்டிப் பட்டினி கிடந்த துறைமுகங்களுக்குக் கோதுமை கொண்டுபோனார். அந்தப் பொன்னில் இந்த வீட்டைக் கட்டினார். சுல்தானுக்கு எதிராகச் சுதந்திரப் போர் மூண்டபோது மிச்சப் பொன்னையெல்லாம் கொட்டி ஏழு தீக்கப்பல்கள் வாங்கினார்.

தீக்கப்பல் என்றால் பழைய கப்பல். உள்ளே தார், கந்தகம், காய்ந்த முட்செடி, வெடிமருந்து. சுல்தானின் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும்போது போய் மோத வேண்டும். கொக்கிகளை வீசிக் கட்ட வேண்டும். திரியைப் பற்றவைத்துவிட்டு, பின்பக்கத் துவாரம் வழியாகச் சிறு படகில் இறங்கித் தப்ப வேண்டும். ஏழில் ஐந்து பற்றின. ஒரு தடவை எரிந்தது மூன்றடுக்குக் கப்பல். அறுநூறு பேர். அன்று காற்று இவர்கள் பக்கமாக வீசியது. வெகுநேரம் வானத்திலிருந்து மனிதத் துண்டுகள் படகைச் சுற்றி விழுந்தன. ஒரு கை, கேப்டனின் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த பந்தேலியின் மடியில் விழுந்தது. அதன் விரலில் மோதிரம் இருந்தது. கேப்டன் அதை எடுத்துக் கடலில் போட்டார். மோதிரத்தோடு.

படகில் இறங்கும்போது கேப்டன் ஆறு துடுப்புக்காரர்களின் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவார். இருட்டிலும் புகையிலும் ஆள் தெரியாது. குரல்தான் கணக்கு. "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னவனுக்குக் கடைசி மூச்சுவரை படகு நிற்கும். சொல்லாதவன் செத்தவன். கோடாரி விழும், படகைக் கப்பலோடு கட்டிய கயிறு அறும்.

தீக்கப்பலில் இரண்டாம் கூப்பிடல் கிடையாது.

கடைசித் தீக்கப்பலில் சோதிரிஸ் பதில் சொல்லவில்லை. பத்தொன்பது வயது. அவனை விட்டுவிட்டு வந்தார்கள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆறு வருடம் ஆகிறது. சோதிரிஸின் அக்காள் அர்கிரோவை அடுத்த வருடமே பந்தேலி கல்யாணம் செய்துகொண்டான்.

கேப்டன் காய்ச்சலில் படுத்து இறந்தார். நாற்பது நாள் கழித்து, படகில் இருந்த ஐந்து துடுப்புக்காரர்களில் முதலாமவன் இறந்தான். அப்புறம் இரண்டாமவன். அவர் கூப்பிடும் அதே வரிசையில்.

ஐந்தாமவன் நிக்கிதாஸ். அவன் சாவைப் பந்தேலி பத்தடி தூரத்தில் நின்று பார்த்தான்.

போன புரட்டாசி வெயில். நடுப்பகல். கப்பல் பட்டறையில் எல்லோரும் நிழலில் தூங்கினார்கள். நிக்கிதாஸ் மட்டும் பலகை இடுக்கில் சணல் திணித்துக்கொண்டு, "கல்யாணமானவன் பகல்ல தூங்கினா ராத்திரி பதில் சொல்லணும்டா" என்று பந்தேலியைச் சீண்டிக்கொண்டிருந்தான்.

தார் வாசனை வந்தது. பட்டறையில் தார் வாசனை புதிதல்ல. ஆனால் இது எரிகிற தார்.

கடல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நிக்கிதா!"

உரக்க. தட்டையாக. வரிசை கூப்பிடும் தொனியில்.

நிக்கிதாஸ் தலையை நிமிர்த்தவில்லை. கை வேலையிலேயே இருந்தது. வாய் மட்டும் திறந்தது.

"இருக்கேன்!"

ஊர்ப்பழக்கம் முப்பது வருடத்துப் பழக்கம். தீக்கப்பல் பழக்கம் நாலே வருடம். நாலு வருடம்தான் ஜெயித்தது.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பந்தேலியைப் பார்த்தான். "ஐயோ, சொல்லிட்டேனேடா" என்றான். அந்தச் சொற்களோடு வாயிலிருந்து புகை வந்தது.

பிறகு மூக்கிலிருந்து. பிறகு கண்ணோரங்களிலிருந்து. சட்டை பற்றவில்லை. உள்ளேதான் எரிந்தது. அவன் ஓடிப்போய்க் கடலில் விழுந்தான். தண்ணீர் கொல்லன் தொட்டி போல் சீறியது. பந்தேலி அவன் கையைப் பிடித்து இழுத்தபோது தோல் உறைபோல் கழன்று பந்தேலியின் பிடியில் வந்தது. கரையில் போட்டபோது அவன் வாய் நிறைய உருகிய தார்.

அன்று மாலை அர்கிரோ சொன்னாள்: "எனக்கும் கேட்டுச்சு, பந்தேலி. அது கேப்டன் குரல் இல்ல. எந்தம்பி குரல் மாதிரி இருந்துச்சு."

"பைத்தியமா உனக்கு? கேப்டன்தான். வரிசையை வேற யாரு கூப்பிடுவா?"

மறுநாளிலிருந்து பந்தேலி அதை ஊரெல்லாம் சொன்னான். காப்பிக் கடையில், மீன் சந்தையில், கோயில் வாசலில். கேப்டன் கரையவில்லை. கேப்டன் அழியாத பிணம்.

அது கேப்டனாக இருக்க வேண்டும். அவனுக்கு அது வேண்டியிருந்தது.

கோயில் பின்னால் கல்லறைத் தோட்டம். மதிலுக்கு வெளியே ஊர் கூடியிருந்தது. உள்ளே மூன்றே பேர். சிசோயிஸ் சாமியார், மரூசோ, பந்தேலி.

"மெதுவாடா" என்றார் சாமியார். "உள்ள இருக்கிறது மனுஷன். வெங்காயம் தோண்டற மாதிரி தோண்டறே."

"நாத்தம் வருதா சாமி?"

"பூண்டு நாத்தம் வருது. உன் வாயிலிருந்து."

மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம். சாமியாரும் மரூசோவும் மதிலுக்கு வெளியே இருந்தவர்களும் ஒரே ஜெபம் சொன்னார்கள்: கரைந்திருக்கட்டும். பந்தேலி குழிக்குள் நின்று வேறு ஜெபம் சொன்னான். வீங்கிக் கிடக்கட்டும். நகம் வளர்ந்திருக்கட்டும். கண் திறந்திருக்கட்டும். நான் வெட்டுகிறேன். கழுத்தை வெட்டுகிறேன், கால்களை வெட்டுகிறேன், இதயத்தைப் பிடுங்கி மதுவில் கொதிக்கவைக்கிறேன். அது இவராக மட்டும் இருக்கட்டும்.

மண்வெட்டி பலகையில் மோதியது. பலகை மக்கிப்போயிருந்தது. கையாலேயே பெயர்த்தான்.

தேன்மெழுகு நிறத்தில் எலும்புகள். சுத்தமாக. சதையில்லை, முடியில்லை, வாசனைகூட இல்லை. மண்டையோட்டின் இடப்பக்கம், காது இருந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு விரிசல்.

"கரைஞ்சுட்டார்!" மரூசோ கத்தினாள். "என் புருஷன் கரைஞ்சுட்டார்யா! பாருங்கடா! கடவுள் மன்னிச்சுட்டார்!"

மதிலுக்கு வெளியே ஆரவாரம். யாரோ துப்பாக்கியை வானத்தில் சுட்டார்கள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு, செய்தி சொல்ல வாசலுக்கு நடந்தார்.

பந்தேலி குழிக்குள் உட்கார்ந்துவிட்டான்.

மரூசோ குழி ஓரத்தில் மண்டியிட்டாள். மண்டையோட்டை வாங்கி மடியில் வைத்து, மதுவை ஊற்றித் துணியால் துடைத்தாள். பிள்ளைக்கு முகம் கழுவுவதுபோல். பிறகு தலை நிமிராமல், மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப கூப்பிடறது யாருடா?"

பந்தேலி மக்கிய பலகைத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தான்.

"என் புருஷன் அழியாத பிணம்னு ஊர் பூரா சொன்னவன் நீ. ஏழு மாசமா என் வாசல்ல சாணியை அள்ளி எறிஞ்சானுங்க. நான் கழுவினேன். ஒரு வார்த்தை பேசல. ஏன் தெரியுமா? இந்த நாள் வரும்னு இருந்தேன்." மண்டையோட்டின் விரிசலில் விரலை ஓட்டினாள். "பீரங்கி வெடிச்சதிலேருந்து இந்தப் பக்கம் அவருக்கு ஒண்ணும் கேக்காது. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அதுக்குத்தான உன்னை இடது கைப்பக்கம் உக்கார வெச்சார்? அவரோட காது நீ."

"ஆமா."

"அந்தப் பையன் போனதிலேருந்து, இவர் சாகற வரைக்கும், மூணு வருஷம், ஒரு நாள் தவறாம, நடுப்பகல்ல பால்கனியில நிப்பார். கடலைப் பாத்து 'சோதிரீ'ன்னு ஒரு தரம் கூப்பிடுவார். அப்புறம் இந்தச் செவிட்டுக் காதைக் கடலுக்குத் திருப்பி வெச்சுக்கிட்டு நிப்பார். நல்ல காதைத் திருப்பித் தொலைங்களேன்னு நான் கத்துவேன். 'அவன் பதில் இந்தக் காதுலதான் விழுந்துச்சு மரூசோ'ன்னுவார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் கூப்பிட்ட வரைக்கும் கடல் சும்மா இருந்துச்சு. அவர் வாய் மூடினதும் அது வாயைத் திறந்துடுச்சு. சொல்லு. அந்தப் பையன் பதில் சொன்னானா?"

"இல்ல" என்றான் பந்தேலி.

இதே சொல்லை அவன் முன்பு ஒரு தரம் சொல்லியிருந்தான்.

சோதிரிஸ் அன்று தீக்கப்பலின் முன்பக்கத்தில் இருந்தான். கடைசிக் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று அவனாகவே திரும்பி ஓடியிருந்தான். திரி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மற்ற ஐந்து பேரும் படகில். எதிரிக் கப்பலைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது, வாள்களோடு. கேப்டன் கூப்பிட்டார்.

"சோதிரீ!"

"இருக்கேன்!"

தெளிவாக வந்தது. இடப்பக்கத்திலிருந்து. அவன் தளத்தைத் தாண்டி ஓடிவர இருபது எண்ண வேண்டும். பந்தேலி மனதில் எண்ணிப் பார்த்தான். வாள்படகு வருவதற்கும் இருபதுதான். ஒருவேளை பதினெட்டு.

"சொன்னானா?" என்றார் கேப்டன்.

"இல்ல."

ஐந்து துடுப்புக்காரர்களுக்கும் கேட்டிருந்தது. ஐந்து பேரும் தங்கள் துடுப்பைப் பார்த்தார்கள்.

கோடாரி விழுந்தது.

ஆறு இழுப்பு போன பிறகு பின்பக்கத் துவாரத்தில் சோதிரிஸின் தலை தெரிந்தது. முடி எரிந்துகொண்டிருந்தது. அவன் கத்தவில்லை. கையை நீட்டவில்லை. அவர்களைப் பார்த்தான். ஒவ்வொருவராக. பிறகு வெடிமருந்து பற்றியது.

மரூசோ மண்டையோட்டை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"இன்னைக்கு நடுப்பகலுக்கு நீ போ" என்றாள். "உன் வீட்டுக்குப் பின்னால பாறை இருக்குல்ல, அதுமேல நில்லு. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. 'எனக்குக் கேட்டுச்சுடா'ன்னு சொல்லு. அவ்வளவுதான். அவனுக்கு வேற என்ன வேணும்?"

"அர்கிரோ காதுல விழும்."

"விழட்டும்."

"விழுந்தா என்னை விட்டுப் போயிடுவா. வயித்துப் பிள்ளையோட போயிடுவா."

"போகட்டும்டா. உயிரோட போவால்ல."

அவன் குழியிலிருந்து ஏறினான். கோடாரியை அவள் கேட்டு வாங்கி, எலும்புகளோடு பெட்டியில் வைத்து மூடினாள்.

வீடு ஊரின் கடைசியில், பாறைக்கு அடியில். முற்றத்தில் ரொட்டி அடுப்பு. கேப்டனின் மூன்றாம் வருடத்துக்கு வேண்டிய ரொட்டிகளை அர்கிரோ சுட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் மாதம். வயிறு இடித்ததால் பக்கவாட்டில் நின்று நீண்ட மரத்துடுப்பால் ரொட்டிகளைத் தள்ளினாள். கன்னத்தில் மாவு.

"வாங்க, குழிதோண்டி ராஜா. ரெண்டு தரம் குரல் கொடுத்துட்டு வரணும்னு தெரியாதா?" அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்ன ஆச்சு? துப்பாக்கி சத்தம் கேட்டுச்சே. எப்படி இருந்தார்?"

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"கரையல" என்றான். "அப்படியே இருந்தார். வெட்டி எரிச்சாச்சு."

அவள் துடுப்பைச் சுவரில் சாத்தினாள். அடுப்பின் திண்டில் உட்கார்ந்தாள்.

"அப்ப எந்தம்பி இல்ல."

"இல்ல."

"நான்தான் பைத்தியக்காரி."

"நான் அப்பவே சொன்னேன்ல."

அவள் அழுதாள். அழுதபடியே சிரித்தாள். தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தாள். "ஆறு வருஷமா ஒவ்வொரு நாளும் நினைப்பேன் பந்தேலி. ஒரு சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பாங்களே, ஏன்டா வாயைத் திறக்கலன்னு அவனைத்தான் திட்டுவேன். அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான். கூப்பிட்டா உடனே ஏன்னு கேக்கமாட்டான். மரத்து மேல உக்காந்துக்கிட்டுச் சிரிப்பான்." எழுந்து துடுப்பை எடுத்தாள். "போகட்டும். இனிமே கூப்பிடாதுல்ல?"

"கூப்பிடாது."

"அப்பாடா. கோழியைக்கூட ரெண்டு தரம் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. இனி உன்னை ஒரு தரம் கூப்பிட்டாப் போதும்."

பந்தேலி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம், ரெண்டு தரமே கூப்பிடு என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பாள்.

கோயில் மணி நடுப்பகல் அடிக்கத் தொடங்கியது.

"உள்ள வா" என்றான்.

"ரொட்டி கருகிடும். நீ போய்ப் படு. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு."

அவன் உள்ளே போனான். கதவைச் சாத்தினான். சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போட்டான்.

மணி ஓய்ந்தது.

தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. ஒன்று. இன்னொன்று. பிறகு ஊரே இல்லாததுபோல் ஆனது. பந்தேலி கட்டிலில் உட்கார்ந்தான். தன் பெயர் வரிசையில் இல்லை என்று தனக்கே சொன்னான். துடுப்புக்காரர்களைத்தான் கேப்டன் கூப்பிடுவார். காதை யாரும் கூப்பிடமாட்டார்கள். இதைச் சொல்லித்தான் மூன்று வருடம் உயிரோடு இருந்தான்.

வாசனை வந்தது.

எரிகிற வாசனை. கதவிடுக்கு வழியாக.

ரொட்டி கருகுகிறது என்று நினைத்தான். ரொட்டி இல்லை. முடி.

அவனுக்கு அந்த வாசனை தெரியும்.

"பந்தேலீ!"

அர்கிரோவின் குரல். கதவுக்கு வெகு அருகில்.

ஒரு தரம்.

அவன் கட்டில் சட்டத்தைப் பற்றினான். இரண்டாவதுக்குக் காத்திருந்தான். அது குரல்களை எடுத்துக்கொள்ளும் என்று கிழவர்கள் சொல்வார்கள். தாயின் குரலில் வரும். மனைவியின் குரலில் வரும்.

கதவில் ஒரு அடி விழுந்தது. கையை விரித்து அடித்ததுபோல்.

ஒரு அடி.

சட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டான். "இருக்கேன்" என்ற சொல் தொண்டையில் முட்டியது. அதைக் கடித்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கூப்பிடு, இன்னொரு தரம் கூப்பிடு. நீயாக இருந்தால் இன்னொரு தரம் கூப்பிடு.

கதவை எதுவோ மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு போனது.

அப்போதுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

இனி உன்னை ஒரு தரம் கூப்பிட்டாப் போதும்.

தாழ்ப்பாள் கையைச் சுட்டது. இழுத்தான். கதவோடு சாய்ந்திருந்தது உள்ளே விழுந்தது.

அவன் அவளைப் போர்வையால் மூடினான், உருட்டினான், தொட்டித் தண்ணீரை ஊற்றினான். தண்ணீர் சீறியது. பாவாடை இல்லை. தலைத்துணி தோலோடு ஒட்டியிருந்தது. தூக்க முயன்றபோது அவள் கைத்தோல் அவன் பிடியில் கழன்றது, உறைபோல். இது இரண்டாம் தடவை. வயிற்றின் மேல் அவள் இரண்டு முழங்கைகளையும் மடக்கி வைத்திருந்தாள். அங்கே மட்டும் துணி எரியவில்லை. உள்ளே எதுவோ அசைந்தது. கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு அசையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி அழுது நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கேட்டுச்சு சாமி. எனக்குக் கேட்டுச்சு. ஆனா ஒரு தரம்தான் கேட்டுச்சு. நான் எப்படிக் கதவைத் திறப்பேன்?"

தெருவில் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டுக்கும் கேட்டிருந்தது.

அடுப்பிலிருந்து கனல் தெறித்துப் பாவாடையில் பற்றியது என்றார் சாமியார். அப்படியும் இருக்கலாம். ரொட்டிகள் கருகவில்லை. எடுத்துப் பார்த்தபோது பொன்னிறமாக இருந்தன.

அடக்கம் முடிந்த மறுநாள் நடுப்பகலில் பந்தேலி பாறைமேல் ஏறினான்.

"சோதிரீ! எனக்குக் கேட்டுச்சுடா!"

கடல் சும்மா கிடந்தது.

மறுபடி கூப்பிட்டான். ஊர் கேட்கக் கூப்பிட்டான். அன்று நடந்ததைப் பாறைமேல் நின்று முழுவதும் சொன்னான், கதவுகளுக்குப் பின்னால் இருந்த பதினோரு வீடுகளுக்கும். அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும். தொண்டை கிழிந்து எச்சிலில் சிவப்பு வந்தது. மரூசோ ஒரு நாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அர்கிரோவின் நாற்பதாம் நாளுக்குக் கோயிலில் அவித்த கோதுமை கொடுத்தார்கள். ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்து வைத்து வாசற்படியில் உட்கார்ந்தான். கதவின் வெளிப்பக்கத்தில் அவள் கை பதிந்த கறுப்பு அப்படியே இருந்தது.

மணி நடுப்பகல் அடித்து ஓய்ந்தது.

எரிகிற தார் வாசனை.

அவன் எழுந்து நின்றான். கோதுமை கையிலிருந்து சிதறியது. கூப்பிடட்டும். முதல் தரத்திலேயே சொல்லிவிடுவான்.

கடல் பக்கமிருந்து குரல் வந்தது. ஆனால் அது யாரையும் கூப்பிடவில்லை.

"இருக்கேன்."

முதலாவதாக இறந்தவனின் குரல். பிறகு இரண்டாமவன். மூன்று. நான்கு. யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கவில்லை. பதில்கள் மட்டும் வந்தன. நிக்கிதாஸ் எப்போதும்போல் இழுத்துச் சொன்னான்.

"இருக்கேன்." சோதிரிஸ். தெளிவாக. இடப்பக்கத்திலிருந்து.

பிறகு வெகு கிட்டத்தில், முற்றத்து அடுப்பின் அருகே, ஒரு பெண் குரல்.

"இருக்கேன்."

இன்னொரு பெயர் வர வேண்டிய இடைவெளி. பந்தேலி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை.

"இருக்கேன்!" என்று அவனாகவே கத்தினான். "நானும் இருக்கேன்! அர்கிரோ! இருக்கேன்!"

பாறைக்கு அடியில் கோடாரி விழும் சத்தம். ஒரே வெட்டு. கயிறு தண்ணீரில் விழுந்தது.

பிறகு துடுப்புகள். அவன் எண்ணினான். ஆறு துடுப்புகள் ஒன்றாக இறங்கின, ஒன்றாக எழுந்தன. ஏழாவது ஒன்று, பழக்கமில்லாத கை போட்டதுபோல, ஒவ்வொரு முறையும் சற்றுப் பிந்தி விழுந்தது.